சொந்த ஊரில் அறை எடுத்தவன்

1

எங்கள் வம்சத்தில் முதலில் கப்பலேறியவன் நான் இல்லை. எனக்கு முன்பே அப்பா சைகோன் வரை போய், பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு வந்தவர். முதலில் கார் வாங்கியவனும் நான் இல்லை, சித்தப்பா மகன் முந்திக்கொண்டான். ஆனால் பிறந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிய முதல் ஆள் நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது. முதலில் சிரித்தவர்கள் எல்லாரும் அப்புறம் என்னிடம் வந்து அந்த ஓட்டலின் டெலிபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு எனக்கும் படிப்புக்கும் உறவு விட்டுப்போயிற்று. பிரான்சில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்தது அப்பா கோபத்தில் திட்டுகிற பிரெஞ்சு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது? வாயைத் திறக்காமல் செய்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். பாரீசில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டலில் படுக்கை போடுகிற வேலை. ஆள் எழுந்து போனதும் விரிப்பை உருவி, புதியதை உதறிப் போட்டு, நான்கு மூலையும் கத்தி வைத்து வெட்டியது மாதிரி மடித்துச் செருக வேண்டும். இரண்டே மாதத்தில் அந்தத் தளத்தில் என் மூலைதான் பேசப்பட்டது. மேற்பார்வைக்கார அம்மாள் புதிதாக வருகிறவர்களை அழைத்து வந்து என் படுக்கையைக் காட்டுவாள்.

அழுக்குத் துணி எடுக்க வருகிற வேன்காரனோடு பழகிப் பழகி, அவன் முதலாளியிடம் சேர்ந்து, முதலாளி கிழவனாகிக் கடையை விற்றபோது அதை நானே வாங்கினேன். இன்று பாரீசை ஒட்டிய சார்செல்லில் எனக்குச் சலவை ஆலை இருக்கிறது. ஆளுயர மெஷின்கள், என் பெயர் எழுதிய வேன்கள். இருபது ஓட்டல்களுக்கு மேல் என் வெள்ளைத் துணியில்தான் தூங்குகின்றன. இன்றைக்கும் விடியுமுன் நான்தான் போய் ஷட்டரைத் தூக்குகிறேன். ஒரு விரிப்பை மூக்கருகே கொண்டுவந்தால் போதும், எத்தனை அலசு அலசினார்கள் என்று சொல்லிவிடுவேன். படித்தவன் சொல்லட்டும் பார்க்கலாம்.

ஆனால் ஓட்டல் படுக்கையில் நான் படுத்ததில்லை. ஒரு நாள்கூட. எதற்குப் படுக்க வேண்டும்? அங்கே எனக்கு வீடு இருக்கிறது. புதுச்சேரிக்குப் போனால் ரெட்டியார்பாளையத்தில் என் தங்கை பிலோமியின் வீடு இருக்கிறது. நடுவில் இருப்பது விமானம். அதில் யாருக்கும் படுக்கை கிடையாது.

2

எனக்கும் என் மனைவி செலினுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம் முடிந்தது. எங்கள் ஒரே மகள் நத்தாலி லியோனிலிருந்து ரயிலேறி வந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் பெரிய வேலை. கூட ஒரு பையன் இருக்கிறான். கல்யாணம் எப்போது என்று கேட்டால், "எதற்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். தமிழில் அவளுக்கு வருவது, "அப்பா சாப்ட்டியா?", "அம்மா தலவலி போச்சா?" இந்த இரண்டும்தான். டெலிபோனில் அந்த இரண்டையும் கேட்டு முடித்ததும் பேச்சு பிரெஞ்சுக்கு ஏறிவிடும். செலின் பாவம், கொஞ்ச தூரம் கூடவே ஓடிப் பார்ப்பாள், பிறகு மூச்சு வாங்கி என்னிடம் போனைக் கொடுத்துவிடுவாள். இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பது ஆற்று மணலில் வீடு கட்டுகிற மாதிரி. கட்டுகிறவரை அழகாகத்தான் இருக்கும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் முன் வைத்தாள். கம்ப்யூட்டரில் அச்செடுத்த காகிதம். மஞ்சள் சுவர், சாம்பல் நிறச் சன்னல், வாசலில் காகிதப்பூக் கொடி. புதுச்சேரியில் அமைதியான தெருவில் ஒரு சின்ன ஓட்டல். பத்து நாளைக்கு எங்கள் பெயரில் அறை போட்டிருக்கிறாள்.

"அங்க உங்க அத்தை வூடு இருக்கே பாப்பா," என்றேன்.

அவள் பிரெஞ்சில் சொன்னாள்: "அத்தை வீடு அத்தையுடையது. இது உங்கள் இரண்டு பேருக்கும். வேறு யாரும் வரக் கூடாது. நான்கூட வரவில்லை பாருங்கள்."

விலையைக் கேட்டேன். அவள் சொல்லவில்லை. நான் விடுவேனா? விசாரித்தால், பாரீசில் இரண்டு பேர் கொஞ்சம் தாராளமாக மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டால் ஆகிற காசுதான் அங்கே ஒரு நாள் வாடகை, காலைப் பலகாரத்தோடு சேர்த்து. இவ்வளவு நயமான விலையில் இவ்வளவு அழகான இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்றால் அது என் ரத்தம்தானே?

செலின் அந்தப் படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மகள் தானாக யோசித்து, தானாகத் தேடி, எங்களுக்கென்று செய்த முதல் காரியம் அது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஓட்டல் விஷயத்தைப் பிலோமிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்து இறங்கியதும் சொன்னால் அசந்து போவாள் என்று இருந்தேன்.

3

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பட்டப்பகலிலேயே காக்கை கரைவது தனியாகக் கேட்கிற தெரு. சின்ன வயதில் நாங்கள் இந்தப் பக்கம் பந்து உதைக்க வந்தால் ஒரு கிழவர் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அந்தக் கிழவரும் இல்லை, பந்தும் இல்லை. அவர் இருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் எங்கள் ஓட்டல்.

மொத்தம் எட்டு அறை. நடுவில் திறந்த முற்றம், அதில் ஒரு நாகலிங்க மரம், பிரம்பு நாற்காலிகள். மானேஜர் கதிரவன் என்று ஒரு தம்பி, வில்லியனூர்க்காரன். எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"தம்பி, தமிழ்ல பேசு. இங்கிலீஷ் எனக்கும் ஆகாது, எங்க ராஜாங்கத்துக்கும் ஆகாது."

சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்தான். வெளிநாட்டார் வந்தால் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எந்த நாடு, எந்த விமானம், எதற்காக வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள். நான் பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். பிரான்சில் நான் பிரெஞ்சுக்காரன் என்று நம்பவைக்க அப்பாவின் பப்பியே என்கிற குடியுரிமைக் காகிதம், தாத்தாவின் பப்பியே, ஞானஸ்நானப் பத்திரம் என்று ஐந்தாறு அலுவலகத்தில் போய்க் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னொரு முத்திரை குறைகிறது என்பார்கள். இங்கே ஒரு காகிதமும் கேட்காமல் ஒரே நிமிஷத்தில் என்னை வெளிநாட்டான் ஆக்கிவிட்டார்கள்.

"எதுக்கு வந்தீங்கன்னு இன்னா எழுதறது மிசியே?"

"எதெல்லாம் எழுதலாம்?"

"டூரிஸ்ட், பிசினஸ், உறவுக்காரங்களப் பாக்க..."

"டூரிஸ்ட்டுன்னு எழுது," என்றாள் செலின், எனக்கு முன்பாக. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமிதம். அதை நான் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்தது, அப்புறம் இப்போதுதான்.

அறைக்குள் நுழைந்ததும் நேராகப் படுக்கைக்குப் போனேன். மூலை மடிப்பு சுமார். துணி நல்ல பருத்தி, ஆனால் கடைசி அலசு போதவில்லை. கதிரவனைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவனும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். தேக்குக் கட்டில், சுற்றிலும் வெள்ளைக் கொசுவலை, காலுக்குக் குளுகுளுவென்று சிவப்புத் தரை. டிவி கிடையாது. அமைதிக்காகவாம். குளியலறைக்குக் கதவும் கிடையாது. இடுப்பளவு சுவர் ஒன்று வளைந்து போகிறது, அவ்வளவுதான். அது ஸ்டைலாம்.

"நம்ம ஊர்ல கதவு போடக் காசு இல்லாதவன்தான் இப்பிடி இருப்பான். இவங்க காசு வாங்கிக்கினு கதவ எடுத்துட்டாங்களே," என்று செலின் வியந்தாள். ஒரு புடவையைக் குறுக்கே கட்டினாள், தீர்ந்தது.

மறுநாள் காலையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். கதிரவன் குருவாசான் என்கிற பிறை வடிவ ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "தம்பி, நாப்பது வருஷமா இதத் தின்னுக்கினு கீறேன். இட்லி இருந்தா கொண்டாப்பா," என்றேன். பக்கத்துத் தெருவிலிருந்து வரவழைத்துப் பீங்கான் தட்டில் வைத்துக் கொடுத்தான். அடுத்த மேசையில் இருந்த பிரெஞ்சுக்கார ஜோடி எங்கள் தட்டைப் பார்த்து அவர்களும் இட்லி கேட்டார்கள். அவர்களுக்கு எப்படிச் சாப்பிடுவது என்று நான் பாடம் எடுத்தேன். செலின் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் கண்ணில் படாத காலை அவளுக்கு அதுதான் முதல்.

4

முதல் நாளே பிலோமிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே! வந்துட்டியா? எங்கண்ணே இருக்க? மீன் கொழம்பு கொதிக்குது, சோறு வடிச்சிட்டேன்."

"ஓட்டல்ல இருக்கேன்."

"வர்ற வழியில இன்னாத்துக்கு ஓட்டல்ல துன்ற? பெட்டிய எடுத்துக்கினு எழுந்து வா."

"சாப்புடற ஓட்டல் இல்லம்மா. தங்கற ஓட்டல். பத்து நாளைக்கு. நத்தாலி போட்டுக் குடுத்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, அரண்மனை மாதிரி..."

நான் மரத்தைப் பற்றிச் சொன்னேன், கட்டிலைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.  கடைசியில், "சரிங்கண்ணே. ரெஸ்ட் எடுங்க," என்று வைத்துவிட்டாள்.

என் தங்கை பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் நானும் செலினும் ரெட்டியார்பாளையம் போனோம். "வாங்க, உக்காருங்க" என்றாள். அலமாரியிலிருந்து விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி டம்ளரை எடுத்து, தட்டில் வைத்து, தண்ணீர் கொண்டுவந்தாள். செலின் வழக்கம்போல் சமையல்கட்டுக்குள் போகப் போனாள். "நீங்க உக்காருங்க அண்ணி, புடவ கசங்கிடும்," என்று வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள். அந்தச் சமையல்கட்டில் போன தடவை இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து நண்டு உடைத்தார்கள்.

நான் சும்மா இருப்பவனா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கண்டவர்களிடமெல்லாம் ஓட்டல் கதையைச் சொன்னேன். என் மகள் போட்டுக் கொடுத்தாள், இந்த மாதிரி முற்றம், இந்த மாதிரிக் கட்டில் என்று. எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஏனோ, பிலோமியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

5

விஷயத்தைப் போட்டு உடைத்தது பிலோமியின் மகள் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தவளக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையனுக்குச் சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. பெண் பார்த்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. பிலோமியின் கணவர் இறந்து சில வருஷம் ஆகிறது. அதனால் தாய்மாமன் நான் வந்ததும் உட்கார்ந்து பேசி முடித்து, கோயிலில் ஓலை எழுதக் கொடுப்பது என்று ஏற்பாடு. மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்துவிட்டால் அப்புறம் கல்யாணம்தான்.

ஜெசிந்தா ஸ்கூட்டியை ஓட்டல் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மாமா, தவளக்குப்பத்துக்காரங்க போன் பண்ணாங்க. இந்த வாரம் வரலயாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க."

"ஏன்?"

"உங்களாலதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"பிரான்சு மாமன் தங்கச்சி வூட்ல எறங்கல, லாட்ஜில தங்கியிருக்காருன்னு ஊரே பேசுது மாமா. அண்ணன் தங்கச்சிக்கு மனையில தகராறாம். நீங்க பங்கு கேட்டீங்களாம், அம்மா தரமாட்டேன்னாங்களாம். அதான் நீங்க வூட்டுப் படி மிதிக்கலயாம்."

அப்பாவின் மனையில்தான் பிலோமி வீடு கட்டியிருக்கிறாள். அது அவளுக்குத்தான் என்று நான் எப்போதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஊருக்கு அது தெரியுமா? நம் ஊரில் ஒருவன் சொந்தபந்தம் இருக்கும்போது வெளியே போய்த் தங்குகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபித்துக்கொண்டவன்தான் லாட்ஜில் தங்குவான். எவ்வளவு அழகான லாட்ஜாக இருந்தாலும் சரி.

"அம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கு அவரப் புடிச்சிருக்கு மாமா. அவ்ளோதான் சொல்வேன்." எழுந்து போய்விட்டாள்.

கதிரவனிடம் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். செலினிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கொசுவலையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போலாம்," என்றாள். "பொண்ணுக்கு இன்னா சொல்வீங்க?"

அவள் கேட்டது நத்தாலியை. ஒவ்வொரு நாளும் சாயந்திரம் மகள் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு இரண்டு தடவை பேசுகிறவள்! மரம் பூத்திருக்கிறதா? இன்றைக்கு என்ன பலகாரம்? அம்மா என்ன செய்கிறாள்? நான் சொல்லச் சொல்ல, அவள் அங்கே லியோனில் யாருக்கோ பிரெஞ்சில் எடுத்துச் சொல்வது கேட்கும். "என் அப்பா அம்மா புதுச்சேரியில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று. அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊரோடு இருக்கிற ஒரே கயிறு இந்த அறைதான். அதை அறுத்துவிட்டு, உன் பரிசால் உன் அத்தை மகள் கல்யாணம் நின்றது என்று சொல்வதா?

அறையை விட்டால் மகள் போகிறாள். விடாவிட்டால் தங்கை போகிறாள், மருமகளின் கல்யாணம் போகிறது. சலவையில் இப்படி ஒரு கறை வரும். சுடுதண்ணீர் ஊற்றினால் ஊறிவிடும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பரவிவிடும். அதற்கு ஒரே வழி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் போட்டுப் பார்ப்பதுதான்.

தவளக்குப்பத்துக்குப் போன் போட்டேன். பையனின் அப்பா ஆரோக்கியசாமி எடுத்தார்.

"ஜெசிந்தாவோட தாய்மாமன் பேசறேன். நாளைக்கு மூணு மணிக்கு நான் தங்கியிருக்கற எடத்துக்கு டீ குடிக்க வாங்க. வூட்டம்மாவையும் கூட்டினு வாங்க. கேக்கறத மூஞ்சிக்கு நேரா கேளுங்க."

அடுத்து பிலோமி. "நான் அங்கல்லாம் வரலிங்க," என்றாள்.

"நீ வரலன்னா அவங்க நெனச்சது நெசமாயிடும். அப்புறம் உன் இஷ்டம்."

6

வந்தாள். பட்டுப்புடவை கட்டி, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, எனக்கு எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். மரத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. ஒரு பூ அவள் மடியில் விழுந்தது, அதைத் தட்டிவிட்டாள்.

ஆரோக்கியசாமி மின்சார இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஜெபமாலை. அவர் மனைவி நல்ல தாட்டியான அம்மாள், வந்ததிலிருந்து நாற்காலியின் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரவன் டீயும் கேக்கும் கொண்டுவந்து வைத்தான். நான் ஆரம்பித்தேன். பாரீஸ், ரயில் நிலையம், படுக்கை மூலை, சலவை ஆலை, வேன்கள், என் மகளின் பரிசு. எனக்கே நன்றாகத்தான் வந்தது.

ஆரோக்கியசாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"மிசியே தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க பெரிய மனுசன், ஒத்துக்கறேன். பொண்ணுக்கு அப்பாவும் இல்ல. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாங்க தாய்மாமன்கிட்டதான் வந்து நிக்கணும். அதனால கேக்கறேன். கூடப் பொறந்த தங்கச்சி வூடு இருக்குது, ரூம்பு இருக்குது, சோறு இருக்குது. நீங்க இன்னாத்துக்கு இங்க வந்து தங்கினீங்க?"

"அதான் சொன்னேனே, என் பொண்ணு..."

"பொண்ணு அறியாத பொண்ணு, வெளிநாட்டுல வளந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

நான் கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். செலினே திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் தங்கச் சொன்னேன்."

பிலோமி.

"நீங்களா?" என்றார் ஆரோக்கியசாமி.

"ஆமா. எங்கண்ணனுக்கு அதச் சொல்ல வெக்கம். அதான் வேனு, மெஷினுன்னு கத சொல்லிக்கினு கீறாரு." தலையை நிமிர்த்தினாள். "அவங்களுக்குக் கல்யாணம் ஆயி நாப்பது வருசம். ஒவ்வொரு வாட்டியும் வருவாங்க, ஒரு மாசம் இருப்பாங்க. எங்க வூட்ல ஆம்பளைங்க மாடியில, பொம்பளைங்க ரூம்புல. அண்ணி எங்கூடத்தான் படுக்கும். எங்கண்ணன் மொட்டமாடியில கொசு அடிச்சினு கெடக்கும். நம்மூருக்கு வந்து என்னைக்காவது இவங்க ரெண்டு பேரும் ஒரு கதவச் சாத்திக்கினு உக்காந்து பேசியிருக்காங்களா? இல்ல. எனக்கு மனசு உறுத்திச்சு. பத்து நாளு எங்கனா தனியா இருங்க, அப்புறம் நம்ம வூட்டுக்கு வாங்கன்னு நான்தான் நத்தாலிகிட்ட சொன்னேன். இதுல இன்னா தப்பு?"

 செலின் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நத்தாலிக்கும் பிலோமிக்கும் நடுவில் ஒரு முழு வாக்கியம் பேசுகிற அளவுக்குக்கூட மொழி கிடையாது. அது எனக்குத் தெரியும், செலினுக்குத் தெரியும், பிலோமிக்கும் தெரியும். ஆனால் மற்றது அத்தனையும் நிஜம். நாற்பது வருஷமும் அப்படித்தான் இருந்தது. நானே யோசித்துப் பார்த்ததில்லை.

மெத்தையை அழுத்திக்கொண்டிருந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க சம்பந்தி," என்றார்.

சம்பந்தி என்ற வார்த்தை விழுந்ததும் பிலோமியின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? நமக்கும் முப்பது வருசம் ஆவுது. உங்க கொறட்டைக்குப் பயந்து நான் சமையக்கட்டுல படுத்துக்கினு கீறேன். என்னை எவன் இங்க கூட்டினு வருவான்?"

ஆரோக்கியசாமி இருமினார். "கேக் நல்லா இருக்குது," என்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். அதை மென்று விழுங்கிவிட்டு, "அப்ப சாமியாரப் பாத்து ஓலைக்குக் குடுத்துடலாமா மிசியே? இந்த ஞாயித்துக்கெழமையே மொத ஓலை," என்றார்.

"குடுத்துடலாம்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

7

அவர்கள் ஆட்டோ ஏறிப் போனதும் நான் பிலோமியிடம் போனேன்.

"நீயா அப்பிடிச் சொன்ன?"

"பின்ன? என்னை மதிக்காம வந்து எறங்கினன்னு அவங்க எதிர்ல சொல்லவா? கல்யாணம் முடியட்டும், ஒன்ன வச்சிக்கறேன்."

"மதிக்காம எல்லாம் இல்ல பிலோமி..."

"நீ சும்மா இரு. ஒரு வாட்டி போன் பண்ணி, இந்த மாதிரி நத்தாலி போட்டுக் குடுத்துச்சு, போவட்டுமான்னு கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? கேக்கணும் இல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அந்த ரூம்பு? நான் பாக்கவே இல்லியே."

அழைத்துப் போய்க் காட்டினேன். கட்டிலின் தேக்கைத் தட்டிப் பார்த்தாள். கொசுவலைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். குளியலறைக்குக் கதவு இல்லாததைப் பார்த்ததும், "அய்யய்யோ அண்ணி!" என்று கத்தினாள். அங்கே கட்டியிருந்த புடவையைப் பார்த்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூலை மடிப்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

பிலோமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்படியே மெல்லச் சாய்ந்தாள். "எம்மா, இன்னா மெதுவா இருக்குது," என்றாள். செலின் அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். இரண்டு பேரும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"அண்ணே, நீ கொஞ்ச நேரம் வெளிய இரு. நாங்க பேசணும்."

வெளியே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாயந்திரம் மகள் போன் செய்தால் சொல்ல நிறைய இருந்தது. எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் பிரெஞ்சில் அடுக்கிப் பார்த்தேன். உள்ளே கொஞ்ச நேரம் கசமுசாவென்று பேச்சு, நடுநடுவே என் பெயர், உடனே சிரிப்பு. அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கதிரவன் கோப்பைகளை எடுக்க வந்தான். தட்டுக்கு மேல் தட்டு வைத்து அடுக்கினான், கலகலவென்று சத்தம் எழுந்தது.

"சத்தம் போடாதப்பா," என்றேன். "உள்ள எங்க தங்கச்சி தூங்குது."